ஸ்னாப் கேப் போட்டுப் பழகுவதா, வெறும் சேம்பரில் பழகுவதா?

புதுக்குறி:
9 எம்எம் பிஸ்டல் பழக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. சுடும் ரேஞ்சுக்குப் போகாத நாட்களில் வீட்டிலேயே தோட்டா இல்லாமல் டிரிகர் இழுத்துப் பழகச் சொன்னார்கள். தோட்டா வடிவ டம்மியான ஸ்னாப் கேப்பைச் சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் குழியில்) போடாவிட்டால், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் போய்விடும் என்கிறார் ஒருவர். வீண் செலவு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

சுத்தியல்:
வேண்டாம் தம்பி. செலவுக்காகச் சொல்லவில்லை. சேம்பர் காலியாக இருந்தால் பார்த்த கணமே தெரியும், சுண்டுவிரலை விட்டால் குழி தட்டுப்படும். தோட்டா மாதிரியே ஒன்றை உள்ளே தள்ளிவிட்டால் அந்தச் சோதனையே போச்சு. உள்ளே ஏதோ இருக்கிறது, ஆனால் அது டம்மிதான் என்று நம்பி இழுக்கிறாய். துப்பாக்கி விஷயத்தில் அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். இன்றைய சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் அடித்துச் சுடும்) பிஸ்டல்களில் பெரும்பாலானவை வெறுமனே இழுப்பதைத் தாங்கும்.

வளர்மதி25:
"பெரும்பாலானவை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள் அண்ணா, எந்த மாடல் என்று முதலில் கேளுங்கள். சிஇசட் 52 என்ற பிஸ்டல் வைத்திருப்பவர் உங்கள் பேச்சைக் கேட்டால் ஃபயரிங் பின் ஒடிந்துதான் நிற்பார்.

நான் சுடுவது .22 என்ற சின்ன அளவுத் தோட்டா. அதில் பிரைமர், அதாவது அடிபட்டுப் பற்றும் மருந்து, ஓட்டின் விளிம்புக்குள் இருப்பதால் ஃபயரிங் பின் அந்த விளிம்பில்தான் அடிக்கும். உள்ளே ஓடு இல்லையென்றால் அதன் முனை நேராகச் சேம்பர் வாயின் இரும்பில் போய் மோதும். அந்த இடம் நசுங்கிப் பிசிறு கிளம்பிவிட்டால் தோட்டா ஏறவும் முரண்டு பிடிக்கும், ஓடு வெளியே வரவும் முரண்டு பிடிக்கும். பின்னைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் உள்ள மாடல்கள் தப்பிக்கும். இன்னொன்று, .22 அளவில் விற்கும் அலுமினிய டம்மிகளில் சில ஏற்றி இறக்கிப் பார்க்க மட்டும்தான். விளிம்பு நாலைந்து அடியில் பள்ளமாகிவிடும், பிறகு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். அதற்குப் பதிலாக, சுவரில் திருகு இறக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கை வைத்துப் பழகுகிறவர்களும் உண்டு.

சுத்தியல்:
.22 பற்றி உங்களோடு சண்டையில்லை அம்மா. தம்பி கேட்டது 9 எம்எம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ராத்திரி மேகசினில் (தோட்டா அடுக்கும் கூட்டில்) டம்மிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். வாங்கியபோது நல்ல சிவப்பு. ஓடுகளை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்து இழுத்து இழுத்து விளிம்பெல்லாம் சாயம் போய் வெள்ளையாகிவிட்டது. நாலு ஏற்றினேன். ஐந்தாவதைப் பெருவிரலால் அமுக்கும்போது கையில் கனம் உறுத்தியது. விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் நிக்கல் பூசிய ஓடு, நடுவில் பிரைமர். நிஜத் தோட்டா! அலுமினிய டம்மிக்கு அந்தக் கனம் கிடையாது, அதனால் தப்பித்தேன். அன்றோடு டம்மி சகவாசத்தை விட்டேன்.

வளர்மதி25:
படிக்கும்போதே கை சில்லிடுகிறது. ஆனால் அண்ணா, நிஜத் தோட்டா அந்த மேசைக்கு எப்படி வந்தது? கேள்வி அதுதான். டம்மியே இல்லாமல் பழகியிருந்தாலும் அது அங்கேதான் கிடந்திருக்கும். ஸ்னாப் கேப் காப்பாற்றுவது துப்பாக்கியின் பின்னை. மனிதரைக் காப்பாற்றுவது, பழகும் அறையில் ஒரு தோட்டாகூட இல்லாமல் பார்த்துக்கொள்வது. மேகசினைக் கழற்றி, சேம்பரைப் பார்த்து, தொட்டு, தோட்டாவெல்லாம் வேறு அறையில் வைத்துப் பூட்டிய பிறகு, தவறிச் சுட்டாலும் தாங்கக்கூடிய, அந்தப் பக்கம் ஆள் இல்லாத சுவரைப் பார்த்துத்தான் குறி வைக்கவேண்டும். டம்மியையும் அதே ஒழுங்கோடு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் ஏற்றவேண்டும். சாயம் போனதைத் தூக்கி எறியவேண்டும்.

அதைவிட ஆபத்தான நேரம் பழகி முடித்த பிறகு வருவது. துப்பாக்கியை மறுபடி லோடு செய்துவிட்டு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கை போகும். முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, அன்று அதைத் தொடவே மாட்டேன்.

டம்மியே கூடாது என்பதையும் ஒப்ப மாட்டேன். ரேஞ்சில் இன்னொருவரை விட்டு, எனக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மியைக் கலந்து ஏற்றச் சொல்வேன். டம்மி வரும்போது டிரிகரை இழுத்தால் வெடிக்காது, ஆனால் குழல் முனை மட்டும் சட்டென்று கீழே தாழும். சத்தம் வருமுன்பே கை பயந்திருக்கிறது. வெறும் சேம்பரில் ஆயிரம் தடவை இழுத்தாலும் இது தெரியாது.

ஸ்லைடு_மெக்கானிக்:
பழுது பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. ஃபயரிங் பின் அடிக்கும் இடத்தில் ரப்பரோ ஸ்பிரிங்கோ அமுங்கிக்கொடுத்தால்தான் ஸ்னாப் கேப்பால் பயன். அந்த இடம் ஆழமாகக் குழிந்துவிட்டால் மாற்றுங்கள். பிளாஸ்டிக் டம்மியின் விளிம்பு சிராய்ந்து, துணுக்கு எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் போய் உட்காரும், துடைக்கும்போது பாருங்கள். பழகுவதற்காகத் தினமும் கழற்றி அதே நிஜத் தோட்டாவையே திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றுகிறவர்களும் கவனிக்கவேண்டும். குண்டு ஓட்டுக்குள் அமுங்கிக் குட்டையாகும், சுடும்போது உள்ளழுத்தம் எகிறும். தம்பி, மாடல் என்ன?

புதுக்குறி:
சிஇசட் 75 பி. பழையது, கைமாறி வந்தது.

ஸ்லைடு_மெக்கானிக்:
அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். அதில் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே போகும் ஒரு சின்ன ரோல் பின். வெறும் சேம்பரில் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அடி அதன்மேல்தான். அது வளைந்து ஒடிவது தெரிந்த கதை. நீங்கள் வாங்குவதற்கு முன்பே பாதி அடி வாங்கியிருக்கலாம், ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

சுத்தியல்:
மாடலை நான்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். போடு தம்பி. நிக்கல் ஓட்டோடு குழம்பாத நிறமாக வாங்கு, எண்ணி வை, ஒவ்வொன்றையும் அடியைத் திருப்பிப் பார்த்து ஏற்று. என் பிஸ்டலில் நான் காலிச் சேம்பரோடுதான் பழகப்போகிறேன். ஆனால் தோட்டாப் பெட்டி இன்று ராத்திரியே வேறு அறைக்குப் போகிறது.