புதுப்பிப்பு: புல் வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகிவிட்டது

ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிறு பாதியில் சிக்குகிறது, இழுத்தாலும் இன்ஜின் பிடிப்பதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கரி படிந்து ஈரமாக இருந்தது. பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தபோது பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தது. சரி, புதுசே போட்டுவிடலாம் என்று வாங்கி, கையேட்டில் உள்ளபடி பொறி தாவும் முனைகளின் இடைவெளியை 0.6 மி.மீ. வைத்தேன். மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். பிளக் மாட்டும் இன்ஜின் ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பிளக்கோடு நிற்காது.

ஸ்டார்ட்டரில் நைந்த கயிறு கப்பியின் ஓரத்தில் மாட்டியிருந்தது. புதுக் கயிறு போட்டதும் சரியாகிவிட்டது. திறப்பவர்கள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் பாம்பு மாதிரி பாயும்.

அப்புறம், கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கழற்றச் சொன்னவர்களுக்கு: அதை இன்னும் தொடவில்லை.