4×3 மீட்டர் அறை: டவர் ஸ்பீக்கரா, புக்‌ஷெல்ஃபா?

கேள்வி:
அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஸ்பீக்கர்கள் 3 மீட்டர் சுவர்ப் பக்கம். சோபா எதிர்ச்சுவரை ஒட்டியே இருக்கும், நகர்த்த முடியாது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 8 ஓமில் 50 வாட். பாட்டு மட்டும்தான் கேட்பேன், பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்க வேண்டும். டவர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) வாங்கலாமா, புக்‌ஷெல்ஃப் (சிறிய பெட்டி ஸ்பீக்கர்) போதுமா?

பதில் 1:
சோபா சுவரோடு ஒட்டியிருப்பதுதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. 4 மீட்டர் நீளத்துக்கு அறையின் முதல் ஒத்ததிர்வு 343 ÷ 8 (ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுப்பது), அதாவது சுமார் 43 ஹெர்ட்ஸ். அதன் அழுத்தம் சுவரோரத்தில்தான் உச்சம். நீங்கள் உட்காருவதும் அங்கேதான். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அடுத்த ஃப்ரெட் 44. 35–40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் டவர் வைத்தால் இந்த இரண்டு சுரமும் குமுறும், மற்றவை அமுங்கும். 6.5 அங்குல வூஃபர் (தாழ்ந்த சுரங்களைத் தரும் கூம்பு) உள்ள புக்‌ஷெல்ஃப் பெரும்பாலும் 50–55 ஹெர்ட்ஸிலேயே சத்தம் குறையத் தொடங்கிவிடும். இந்த அறையில் அந்தக் குறையே நல்லது. என் ஓட்டு புக்‌ஷெல்ஃபுக்கு.

பதில் 2:
பேஸ் ஆழம் மட்டும் வைத்து டவரை ஒதுக்கிவிட வேண்டாம். வூஃபர் பரப்பு கூடுதல் என்பதால் அதே சத்தத்துக்குக் கூம்பு குறைவாக அசையும், திரிபும் குறையும். 43 ஹெர்ட்ஸ் மேட்டை, அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் வெட்டலாம் (சத்தம் அமுங்கும் பள்ளத்தை மட்டும் தூக்கப் பார்க்காதீர்கள், ஆம்ப் சக்திதான் வீணாகும்). ஈக்வலைசர் இல்லையென்றால் பதில் 1 சொல்வதே சரி. போர்ட்டில் (பெட்டியின் காற்றுத் துளை) ஸ்பாஞ்ச் அடைத்தால் ஓரளவு தணியும், முழுசாகப் போகாது.

50 வாட் பற்றிக் கவலை வேண்டாம். 86 டெசிபெல் உணர்திறன் (1 வாட்டில், 1 மீட்டரில் தரும் சத்தம்) உள்ள ஜோடி, 3 மீட்டரில், ஆளுக்கு 1 வாட்டில் சுமார் 80 டெசிபெல் தரும். 50 வாட்டில் 97. வாங்குமுன் மின்தடை எங்கே 4 ஓமுக்குக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். டவர்களில் அது அடிக்கடி நடக்கும், சின்ன ஆம்ப் சூடேறும்.

பதில் 3:
புக்‌ஷெல்ஃப் என்று பெயர் இருப்பதற்காக அலமாரிக்குள் திணிக்காதீர்கள். பின்பக்கப் போர்ட் அடைபடும், பலகையும் சேர்ந்து அதிரும். 60–70 செ.மீ. ஸ்டாண்ட், ட்வீட்டர் (உச்ச சுரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். ஸ்டாண்ட் குழாயில் காய்ந்த மணல் நிரப்புங்கள். அதாவது தரையில் டவருக்கு ஆகும் இடமேதான் இதற்கும் ஆகும். ஸ்டாண்ட் செலவு வேறு. இடம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
பிறகு சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) சேர்த்தால்? ஆம்ப்பில் சப் அவுட் (சப்வூஃபருக்கான தனி வெளியீடு) கிடையாது.

பதில் 3:
ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே உள்ளீடு எடுக்கும் சப் வாங்குங்கள். அப்போது புக்‌ஷெல்ஃப் முழு வீச்சில் ஓடும். அதனால் கிராஸோவரை (சப் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலிக்கும் என்ற எல்லை) 80-இல் வைக்காமல், ஸ்பீக்கரின் சத்தம் குறையும் 50–60 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லையென்றால் 60–80 பகுதி இரட்டிப்பாகும். சப்பை மூலையில் தள்ள வேண்டாம். நீளச்சுவரின் நடுவில் வைத்தால் 43 ஹெர்ட்ஸ் அவ்வளவாகக் கிளம்பாது. புக்‌ஷெல்ஃபில் டோன் கன்ட்ரோலால் பேஸ் ஏற்றாதீர்கள்: போர்ட் ட்யூனிங்குக்கு (போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்) கீழே கூம்புக்குப் பிடிமானம் இல்லை, வூஃபர் எல்லையில் போய் இடிக்கும்.