அந்தமானில் காட்டு நடையும் கடலும்: ஏப்ரல் கடைசியில் நான்கு பேர், பத்து நாள்

உடுமலை வாசுகி கேட்டது:

வணக்கம். நாங்கள் உடுமலைப்பேட்டை. நான் பள்ளி ஆசிரியை, கணவர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 12. முழுப்பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் அந்தமான் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பத்து நாள் வரை ஒதுக்க முடியும்.

இறங்கி ஒரு போட்டோ எடுத்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறுகிற சுற்றுலா எங்களுக்கு ஒத்துவராது. லீவு கிடைத்தால் வால்பாறை, மேகமலை என்று நடக்கிற குடும்பம். மகன் கிணற்றில் நீந்திப் பழகியவன், ஸ்கூபா டைவிங் செய்தே ஆக வேண்டும் என்கிறான். மகளுக்கும் நீச்சல் தெரியும். ஆனால் அவளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போதும் பனிக்காலத்தில் எப்போதாவது இன்ஹேலர் வேண்டியிருக்கிறது.

ஒரு ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் செல்லுலார் சிறை, ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாராடாங் எல்லாம் ஆறே நாளில் அடைத்திருக்கிறார்கள். தினமும் ஒரு படகு, தினமும் பெட்டி கட்டுவது. அதில் காட்டுக்குள் கால் வைக்கிற நேரமே இல்லை. மழைக்காட்டில் நல்ல நடை, கடலில் நல்ல நேரம் இரண்டும் கிடைக்கிற மாதிரி யாராவது வழி சொல்லுங்களேன். டிசம்பர் லீவுக்குத் தள்ளிப் போடுவது நல்லதா? பாராடாங் போகலாமா?

அபர்டீன்காரன் சொன்னது:

வணக்கம் சகோதரி. நான் போர்ட் பிளேரில் பிறந்தவன். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சாத்தம் மர அறுவை மில் வேலைக்கு வந்தவர். நான் வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், படகுத் துறையில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். குழம்ப வேண்டாம்.

டிசம்பரை விட ஏப்ரல் கடைசிதான் உங்களுக்கு நல்லது. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. வங்கக் கடலில் ஒரு புயல் கிளம்பினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் வேறு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், காட்டில் அட்டையும் குறைவு. மே பாதிக்குமேல் தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் வெயில் கடுமைதான். ஆனால் எங்களுக்குக் காலை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்து, மாலை ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும். ஐந்தரைக்கு நடக்க ஆரம்பித்து, பத்து மணிக்கு நிழலுக்கு வந்துவிடும் பழக்கம் இருந்தால் வெயில் ஒரு தடையே இல்லை.

விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்து அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். ஏஜென்ட் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் அடித்துச் சொல்கிறேன். அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். நீல் தீவில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நடந்து போவதும், வடக்கே ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகளை (ஏஜென்ட் சொன்ன ராஸ் வேறு) இணைக்கும் மணல் திட்டில் நடப்பதும் கடல் வற்றும்போதுதான். ஹேவ்லாக்கில் எலிஃபென்ட் பீச்சுக்குக் காட்டு வழியாக நடக்கும்போது கடைசிப் பகுதி அலையாத்திக் காட்டுச் சேறு. கடல் ஏறியிருக்கும்போது போனால் அங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர். அப்புறம், நிலா இல்லாத இரவில் அலையாத்திக் காட்டு ஓடைகளில் கயாக் துடுப்பு போட்டால், துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிரும். தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அசைந்தால் விடும் வெளிச்சம் அது. பௌர்ணமிக்கு வந்தால் இது தெரியவே தெரியாது. அதனால் ஹேவ்லாக் நாட்கள் அமாவாசையைச் சுற்றி விழுகிற மாதிரி தேதி பாருங்கள். ஓத நேரம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், நாளுக்கு நாள் முக்கால் மணி போலத் தள்ளிக்கொண்டே போகும், தங்கும் இடத்தில் கேட்டால் அன்றன்றைய நேரம் சொல்வார்கள்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். பத்து நாளில் இரண்டே இடத்தில் தங்குங்கள்: ஹேவ்லாக், வடக்கு அந்தமானில் இருக்கும் திக்லிப்பூர். நீலை விட்டுவிடலாம். நல்ல தீவுதான், சைக்கிளில் சுற்ற அருமை. ஆனால் நீங்கள் கேட்கிற காடு அங்கே இல்லை.

ஹேவ்லாக்கில் நாலு இரவு. விரைவுப் படகில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எலிஃபென்ட் பீச் நடையை வழிகாட்டி ஒருவரோடு காலையிலேயே முடித்து, அங்கேயே ஸ்நார்க்கலிங் செய்யுங்கள். அந்தக் கரைக்கு அந்தப் பெயர் வந்ததே மரம் இழுக்க வந்த யானைகளால். அவற்றில் ராஜன் என்ற யானை கடலில் நீந்துவதற்காகவே உலகம் முழுக்க அறியப்பட்டது, 2016ல் இறந்துபோனது. ராதாநகர் கடற்கரைக்கு எல்லோரும் மாலையில் போவார்கள். நீங்கள் விடிகாலையில் போய்ப் பாருங்கள், கரையை ஒட்டி நிற்கும் உயரமான மஹுவா மரங்களின் நிழல் முழுக்க உங்களுக்குத்தான்.

மகனுக்கு 15 என்றால் முதல்முறை டைவ் தாராளமாகச் செய்யலாம், குறைந்தபட்ச வயது 10தான். பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே 12 மீட்டருக்குள் கூட்டிப்போவார். மகள் விஷயத்தில் கவனமாக இருங்கள். டைவ் கடையில் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா பற்றிய கேள்வி இருக்கும், அதை மறைக்கவே கூடாது. ஆழத்திலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் காற்று சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஊரிலேயே நுரையீரல் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கி வாருங்கள். அவர் வேண்டாம் என்றால் ஸ்நார்க்கலிங் போதும். எலிஃபென்ட் பீச்சில் இடுப்பளவு தண்ணீரிலேயே பவளப்பாறையும் மீனும் தெரியும், குழந்தைக்குக் குறை ஒன்றும் வராது. டைவ் செய்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். மலை ஏறுவதற்கும் ஒரு நாள் விட்டுவிடுங்கள். அதனால்தான் டைவை ஹேவ்லாக்கின் முதல் நாட்களிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

திக்லிப்பூர்தான் என் மனசுக்கு நெருக்கமான இடம். வடக்கு அந்தமானின் சேடில் பீக் 732 மீட்டர், இந்தத் தீவுக்கூட்டத்திலேயே உயரமான சிகரம். லாமியா பேயில் வனத்துறை வாசலில் பதிவு செய்துவிட்டுக் கிளம்பினால், வழி முதலில் கடற்கரை ஓரமாகவே போகும். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் காடு. அப்புறம் உள்ளே திரும்பி ஏற ஆரம்பிக்கும். போக மட்டும் சுமார் எட்டு கிலோமீட்டர். கீழே கர்ஜன், படாக் மரங்கள், ஆள் உயரத்துக்கு விரிந்த பலகை வேர்கள். மேலே போகப் போக மரம் குட்டையாகும், பாசி கூடும், காற்று ஈரமாகும். வால்பாறையில் நடந்த கால்களுக்கு இது முடியும். ஆனால் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கையோடு வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் உச்சி எட்டவில்லை என்றால் இருக்கும் இடத்திலிருந்தே திரும்பிவிட வேண்டும். ஐந்தரைக்கு மேல் அந்தக் காட்டுக்குள் கும்மிருட்டு.

பக்கத்தில் காலிப்பூர் கடற்கரை. தோணியாமை, அழுங்காமை, பேராமை, சிற்றாமை என நான்கு வகை ஆமைகளும் முட்டையிட வரும் கரை அது. ஏப்ரல் கடைசியில் பருவம் முடிகிற நேரம், குஞ்சுகள் இருந்தால் வனத்துறைப் பொரிப்பகத்திலிருந்து மாலையில் கடலில் விடுவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டார்ச், ஃபிளாஷ் அடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பாராடாங் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கத்தான் அந்தப் பயணம் என்று விற்கிறார்கள். ஆனால் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள் போகிறது. அவர்கள் வெளியாரோடு பழக ஆரம்பித்தது 1990களின் கடைசியில்தான், அடுத்ததாகத் தட்டம்மை பரவியது. படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும், வண்டியை நிறுத்துவதும் குற்றம். வடக்கே இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அந்தச் சாலை தேவை. ஒரு குகைக்காக நாம் ஜாரவா மக்களின் வீட்டு முற்றத்தில் போக வர இரண்டு தடவை வண்டி ஓட்ட வேண்டியதில்லை. திக்லிப்பூருக்கும் கடல் வழியே வாருங்கள்: ஹேவ்லாக்கிலிருந்தோ போர்ட் பிளேரிலிருந்தோ நடு அந்தமானில் இருக்கும் ரங்கத் ஊருக்கு அரசுப் படகு, அங்கிருந்து மாயாபந்தர் வழியாக அரை நாள் சாலைப் பயணம். ரங்கத்துக்கு வடக்கே காப்பகம் குறுக்கிடாது.

நாகர்கோவில் ஷீலா சொன்னது:

வாசுகி அக்கா, நாங்களும் பிள்ளைகளோடு ஹேவ்லாக் போனோம். அண்ணன் சொன்னதில் எல்லாம் இருக்கிறது, அம்மாவாக நான் இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

விரைவுப் படகு மூடிய ஏசி படகு, குமட்டல் வர வாய்ப்பு அதிகம். மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டால் பலன் இல்லை, அரை மணிக்கு முன்பே போட வேண்டும். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், இட்லி மாதிரி லேசாகப் போதும்.

மணல் ஈ கடி பெரிய தொல்லை. கண்ணுக்கே தெரியாது, மறுநாள் காலெல்லாம் கொப்புளம். கடற்கரையில் உட்காரும் முன் காலில் தேங்காய் எண்ணெயை நன்றாகப் பூசினால் குறைகிறது. ஸ்நார்க்கலிங்குக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிவிடுங்கள், தண்ணீரில் குப்புற மிதக்கும்போது முதுகு வெந்துவிடும். அந்தச் சட்டையே சன்ஸ்கிரீனைவிட நல்ல காப்பு, பவளப்பாறைக்கும் கெடுதல் இல்லை.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். உப்புநீர் முதலை அங்கே உண்டு. 2010ல் ராதாநகர் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலை தாக்கி இறந்திருக்கிறார். ஓடை கடலில் சேரும் இடத்தில் கால்கூட நனைக்க விடாதீர்கள். காவலர் நிற்கும் இடத்தில், பகலில் மட்டும் குளியுங்கள்.

சங்கு, பவளத் துண்டு எதுவும் எடுத்து வரக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். என் சின்னவன் பை நிறையப் பொறுக்கியதை எல்லாம் கரையிலேயே திரும்ப வைக்கச் சொன்னேன், அழுதான், பரவாயில்லை.

கோவளம் அலைக்காரன் சொன்னது:

யாரும் லிட்டில் அந்தமான் சொல்லவில்லையே. ஹட் பே, பட்லர் பே கடற்கரை. சர்ஃபிங்குக்கு இந்தியாவிலேயே எனக்குப் பிடித்த அலை அங்கேதான், மார்ச் முதல் மே வரை நல்ல பருவம். காட்டுக்குள் அருவிகளும் இருக்கின்றன. மகனுக்குச் சர்ஃபிங்கில் ஆசை இருந்தால் அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை வேண்டாம், கப்பலில் போகவே பெரும்பாலும் ஒரு பகல் போய்விடும், அலையும் பழகாத பிள்ளைகளுக்குப் பெரியது.

உடுமலை வாசுகி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, உங்கள் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்தேன். பாராடாங்கை எடுத்துவிட்டோம், மகள்தான் முதலில் வேண்டாம் என்றாள். மருத்துவரிடம் அடுத்த வாரம் அழைத்துப் போகிறேன். கணவருக்கு ஒரே கவலை: ரங்கத்துக்கு அரசுப் படகு டிக்கெட் கிடைக்காவிட்டால்? திரும்பி வரும்போது தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டால்?

அபர்டீன்காரன்:

நியாயமான கவலை. அரசுப் படகு தினமும் இருக்காது, டிக்கெட்டும் சில நாள் முன்னால்தான் திறப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத்தான் அது பேருந்து மாதிரி, சட்டென்று தீர்ந்துவிடும். அதனால் ஹேவ்லாக் அறை உறுதியாகப் போடுங்கள், திக்லிப்பூர் அறையைப் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி போடுங்கள். எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை, பிள்ளைகளுக்கும் சேர்த்து. வடக்கே கையில் ரொக்கம் இருக்கட்டும்.

திரும்பி வருவது விமானத்துக்கு முந்தைய நாள் இல்லை, அதற்கும் முந்தைய நாள் போர்ட் பிளேரில் இருக்கிற மாதிரி வையுங்கள். மிச்சம் விழும் நாள் வீணாகாது. மவுண்ட் ஹாரியட், இப்போது மவுண்ட் மணிப்பூர், 383 மீட்டர். சாத்தத்திலிருந்து பேம்பூ ஃபிளாட்டுக்குப் படகில் போய், மேலே வண்டியில் ஏறி, அங்கிருந்து காலா பத்தர் வழியாகக் காட்டுக்குள் நடந்து மதுபன் பக்கம் கடற்கரையில் இறங்கலாம். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். அதன் பின்பக்கப் படம் அந்த மலையிலிருந்து தெரியும் நார்த் பே கலங்கரை விளக்கம்தான், பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ரங்கத் டிக்கெட் கிடைக்கவே இல்லை என்றால் திக்லிப்பூரை விட்டுவிட்டு, ஹேவ்லாக்கில் இரண்டு இரவு கூட்டி, இந்த மலையையும் சிடியா தப்புவில் முண்டா பகாட் நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், அந்த வாரத்து ஓத நேரத்தைப் பார்த்து எந்தக் காலையில் எலிஃபென்ட் பீச் நடக்கலாம் என்று எழுதுகிறேன்.