கற்பூரம் மூக்கைத் திறக்குமா, திறக்காதா?

மூலிகைப்பித்தன்:
கற்பூரம் மூக்கடைப்பைத் திறக்கும் என்பது பிரமை என்று ஒருவர் பக்கத்து இழையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வலிக்குத் தேய்க்கும் தைலம், சளிக்கு நெஞ்சில் தடவும் களிம்பு, அரிப்புக்குப் பூசும் மருந்து, எதை எடுத்தாலும் கற்பூரம் இருக்கிறது. காரணமில்லாமலா சேர்க்கிறார்கள்? எண்ணெயில் கரைத்துத் தேய்த்த ஐந்தாவது நிமிடம் எனக்கு மூக்கு திறந்துகொள்ளும்.

இரவுப்பணி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். வலிக்கும் அரிப்புக்கும் உதவாது என்று நான் எங்கே சொன்னேன்? மூக்கைத் திறக்காது என்றுதான் சொன்னேன். கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் (புதினா வகையில் கிடைக்கும் குளிர்ச்சிப் பொருள்) மூன்றின் ஆவியையும் முகரவைத்து, மூக்கில் காற்றுக்கு இருக்கும் தடையை அளந்த ஆய்வு 1983இல் வெளிவந்தது. தடை குறையவில்லை. காற்று தாராளமாகப் போவதாக உணர்வு மட்டும் வந்தது. குளிர்ச்சியை அறியும் நரம்பைத் தூண்டுவதால் வரும் உணர்வு அது. வீக்கம் அப்படியேதான் இருக்கும்.

மூலிகைப்பித்தன்:
என் மூக்கு திறக்கிறது. அதை அளக்க எனக்குக் கருவி வேண்டாம்.

பச்சைக்கிளி:
நீங்கள் இருவரும் எந்தக் கற்பூரத்தைச் சொல்கிறீர்கள்? பச்சைக் கற்பூரமா, கொளுத்தும் கட்டியா? டர்பன்டைன் என்ற பைன் மர எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்வதுதான் கெடுதல். மரத்தில் எடுத்தது ஒன்றும் செய்யாது.

இரவுப்பணி:
மரத்தில் எடுத்தாலும் ஆலையில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதான்: 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். வலக்கையும் இடக்கையும் போல, கண்ணாடிப் பிம்பமாக அதற்கு இரண்டு வடிவம் உண்டு. மரத்தில் வருவது வலக்கை வடிவம், ஆலையில் வருவது வலமும் இடமும் கலந்தது. விழுங்கினால் இரண்டுமே நஞ்சு. "மரத்தில் எடுத்தது ஒன்றும் செய்யாது" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

சொல்லேருழவன்:
முதலில் சொல்லைச் சரியாக எழுதுங்கள். கருப்பூரம் என்பதே பழைய வடிவம். றகரம் போட்டு எழுதுவது பிழை.

மூலிகைப்பித்தன்:
வந்துவிட்டார். மஞ்சளைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து கெடுத்தீர்கள்.

சொல்லேருழவன்:
மஞ்சள் இழையில் தோற்ற கோபம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது.

மூலிகைப்பித்தன்:
தோற்றது யார் என்று அங்கே போய்ப் படித்துப் பாருங்கள். சரி, இரவுப்பணி அவர்களுக்கு வருகிறேன். 2010இல் ஓர் ஆய்வு. 2 முதல் 11 வயது வரை 138 குழந்தைகள். கற்பூரமும் மெந்தாலும் யூகலிப்டஸும் கலந்த களிம்பைத் தடவிய இரவு நன்றாகத் தூங்கினார்கள், அடைப்பும் குறைந்தது. அத்தனை பேரும் பொய்யா?

இரவுப்பணி:
குழந்தைகள் யாரும் சொல்லவில்லை, பெற்றோர் கொடுத்த மதிப்பெண் அது. தூக்கம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மூக்கை யாரும் அளக்கவில்லை. 2 வயதுக்குக் கீழே ஒரு குழந்தைகூட அதில் இல்லை, ஆனால் "எண்ணெயில் கரைத்துத் தேய்" என்பதைப் படித்துவிட்டுப் பலர் கைக்குழந்தைக்குத்தான் தேய்க்கிறார்கள். அமெரிக்காவில் 1983 முதல் கடை மருந்தில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் கரைக்கும் எண்ணெயில் எத்தனை சதவீதம்? 20 சதவீத எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்றால் அதில் 1 கிராம் கற்பூரம். சின்னக் குழந்தையின் உயிரை எடுக்க அது போதும்.

பத்து வருடமாக அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். ஒன்றரை வயதுப் பையன், கட்டியைக் கடித்திருக்கிறான். தூக்கி வந்தபோது வாயெல்லாம் கற்பூர வாடை. அப்பா மூடியில்லாத டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தபோதே வலிப்பு வந்துவிட்டது. வழியில் வாந்தி எடுக்கவும் வைத்திருக்கிறார்கள், அதையும் செய்யக் கூடாது. பையன் பிழைத்தான். அந்த வாடை வந்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும்.

பச்சைக்கிளி:
வருத்தமான விஷயம்தான். ஆனால் அது ஆலைக் கற்பூரமாகத்தான் இருந்திருக்கும்.

இரவுப்பணி:
மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

மூலிகைப்பித்தன்:
பயமுறுத்துவது எளிது அம்மா. 1934இல் புடாபெஸ்டில் மெதுனா என்ற மருத்துவர் மனநோய்க்கே கற்பூரத்தை ஊசியாகப் போட்டார். அவ்வளவு வீரியமான மருந்து இது.

இரவுப்பணி:
எதற்குப் போட்டார் தெரியுமா? வலிப்பு வரவைக்க. வலிப்பு வந்தால் நோய் தணியும் என்று நம்பினார். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

மூலிகைப்பித்தன்:
பேச்சை மாற்ற வேண்டாம். நான் கேட்டது விழுங்குவதைப் பற்றி இல்லை. மூக்கு திறக்கிறதா இல்லையா?

இரவுப்பணி:
திறந்த மாதிரி இருக்கும். திறக்காது.

மூலிகைப்பித்தன்:
எனக்குத் திறக்கிறது.

சொல்லேருழவன்:
கருப்பூரம்.

இரவுப்பணி:
டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையாவது சொல்லுங்கள். வீட்டில் பேரக்குழந்தை இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள்.

மூலிகைப்பித்தன்:
என் வீட்டுக்குள் எல்லாம் வர வேண்டாம்.