பிள்ளை வீட்டுக் குப்பை: துணியா, டயப்பரா?

பாளைக்காரி:
எங்கள் தெருவில் குப்பை வண்டிக்காக வாசலில் வைத்திருக்கும் வாளியைப் பார்த்தே எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். உப்பிப்போன டயப்பர்தான் பாதி வாளி. பகல் முழுக்க வீட்டிலேயே கிடக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, நீளவாக்கில் மடித்து, அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகினால் முடிந்தது. நம் ஆச்சிமார் இப்படித்தானே ஏழெட்டுப் பிள்ளை வளர்த்தார்கள்?

தச்சநல்லூர் அம்மா:
முடிந்ததா அக்கா? ஆச்சி வளர்த்தாள், சரி. அலசிப் போட வீட்டில் நாலு பொம்பளைகள் இருந்தார்கள், வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நான் இருப்பது மாடியில் வாடகை வீடு. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். அதைக் கட்டினால் பிள்ளைக்குத் தொடையிடுக்கில் புண். அப்புறம், குப்பையைக் குறைப்போம் என்று யார் சொன்னாலும் கடைசியில் குனிந்து துவைப்பது அம்மாதான். அப்பாமாருக்கு மஞ்சப்பையோடு கடைக்குப் போய்வந்தால் கடமை தீர்ந்தது!

பேட்டை அண்ணாச்சி:
மஞ்சப்பை தூக்குகிற அப்பன்களில் நானும் ஒருவன், அதனால் கேட்கிறேன். டயப்பரில் இருப்பது வெறும் பஞ்சு இல்லை. மேலே பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், அடியில் பாலித்தீன், நடுவில் ஈரத்தைக் குடித்து ஜெல்லாகிற சோடியம் பாலிஅக்ரிலேட். எதுவும் லேசில் மக்காது. எல்லாம் நம் திருநெல்வேலிக் குப்பை சேரும் ராமையன்பட்டிக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் புகையைச் சுவாசிப்பது அந்தப் பக்கத்து ஜனங்கள். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கொட்டியபோது நாம் எல்லோரும் கொதித்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுக் கேரளத்தாரையே அள்ளிக்கொண்டு போகவைத்தது. நம் வீட்டு டயப்பரை ராமையன்பட்டியில் கொட்டுவதற்கு யார் கொதிப்பது?

தச்சநல்லூர் அம்மா:
கொதியுங்கள் அண்ணாச்சி, ஆனால் துணியும் சும்மா வருவதில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. துணி நல்லதா கெட்டதா என்பது துவைக்கிற விதத்தில்தான் இருக்கிறது என்கிறது. கொதிக்கிற வெந்நீரும் துணி உலர்த்தும் டிரையர் மெஷினும் என்றால் துணியால் லாபமே இல்லை.

பாளைக்காரி:
அந்த ஆய்வு என் கட்சிதான்! கொடியில் காயப்போட்டு அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் துணியின் பாதிப்பு நன்றாகக் குறையும் என்றும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் டிரையர் எத்தனை வீட்டில் இருக்கிறது? பங்குனி வெயிலுக்குத் துணி மொறுமொறுவென்று காயும். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்புப் போடுங்கள். துணியை மெத்தென்று ஆக்கும் வாசனைத் திரவம் மட்டும் வேண்டாம், அதைப் போட்டால் துணி ஈரம் இழுக்காது. மழைக்காலத்துக்கு டயப்பர் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

டவுன்காரன்:
போடுவதா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள். போட்டதை எப்படிக் கழிப்பது? எங்கள் தெருவில் தூய்மைப் பணியாளர் அக்கா, சோற்றுக் குப்பையோடு கலந்து கிடக்கும் டயப்பரை வெறுங்கையால் பொறுக்கி எடுக்கிறார். 2016 திடக்கழிவு விதிகள் அதைத் தனியாகச் சுற்றி, மக்காத குப்பைக்கான தொட்டியில் போடச் சொல்லின. சுற்றிப் போட உறையைப் பாக்கெட்டோடு தரவேண்டியது தயாரிக்கிற கம்பெனியின் கடமை என்றும் அவற்றில் இருந்தது. நான் வாங்கிய பாக்கெட்டில் இதுவரை உறையைக் கண்டதில்லை. பழைய பேப்பரில் சுற்றித் தருகிறேன். கக்கூஸில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஜெல் ஊதிக் குழாயை அடைக்கும்.

பேட்டை அண்ணாச்சி:
உறை சங்கதி எனக்குப் புதுசு. கடைக்காரரிடம் கேட்கிறேன். பொம்மை, சட்டை பற்றியும் யாராவது எழுதுங்கள். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணி போடுகிற வழக்கம் உள்ள ஊரில், ஒரு வயசுக்குள் அலமாரி நிறையப் புதுச்சட்டை.

தச்சநல்லூர் அம்மா:
சட்டையை அக்கா பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், அதில் சண்டையே இல்லை. துணி விஷயத்துக்கு வாருங்கள். பகலில் துணி, ராத்திரி டயப்பர் என்றால் யோசிக்கிறேன். ஆனால் ஊறவைத்த வாளியைக் காலையில் யார் அலசுவது என்று ஒருத்தரும் எழுதவில்லையே?

பேட்டை அண்ணாச்சி:
எங்கள் வீட்டில் நான்தான் அலசுகிறேன்மா. மஞ்சள் கறைக்கு எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

தச்சநல்லூர் அம்மா:
நீங்கள் சொன்னால் ஆச்சா அண்ணாச்சி? மைனி வந்து எழுதட்டும், நம்புகிறேன்.