மறுமொழி: ஆர்கெஸ்ட்ராவுக்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இஸ்ரேலிய, அரபு இசைஞர்கள் சேர்ந்து வாசிக்கும் மேற்கு-கிழக்கு திவான் ஆர்கெஸ்ட்ரா பற்றிய 24 பக்கக் கையேடு தமிழாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். முதல் வரைவில் எல்லா இடத்திலும் 'இசைக்குழு' என்று போட்டாயிற்று. மூன்றாம் பக்கத்திலேயே அது உடைந்துவிட்டது. ஒரே பத்தியில் நான்கு பேர் வாசிக்கும் நாற்கருவிக் குழு, நூறு பேர் பாடும் பாடகர் அணி, ஆர்கெஸ்ட்ரா மூன்றும் வருகின்றன. தமிழில் மூன்றுமே இசைக்குழுதான்.

வேண்டிய சொற்கள் நான்கு:
1. ஆர்கெஸ்ட்ரா
2. அதன் கண்டக்டர்
3. முதல் வயலின் வரிசையின் தலைவர்
4. 'அமைதிக்கான ஆர்கெஸ்ட்ரா' என்ற தொடர், அட்டைக்கு

ஒரு பக்கச் சிக்கலும் உண்டு. 'திவான்' என்றால் நம்மவர்க்கு அரண்மனை மந்திரிதான் நினைவுக்கு வருவார். இங்கே அது ஜெர்மன் கவிஞர் கெதே 1819இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பின் பெயர், பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸைப் படித்த வேகத்தில் அவர் எழுதியது. கவிதைத் தொகுதிக்கும் அரசு அலுவலகத்துக்கும் பாரசீகத்தில் ஒரே சொல். அதற்கு அடிக்குறிப்பு போட்டுவிடலாம். மற்றவற்றுக்கு வழி சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பல்லியம். பல் + இயம். தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வந்ததால் இரட்டியது. 'அந்தரப் பல்லியம் கறங்க' என்று திருமுருகாற்றுப்படையிலேயே இருக்கிறது. பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பது என்ற பொருளை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லமுடியாது.

இன்னொன்றும் பாருங்கள். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவர். புறநானூறு 64 அவருடையது. அதில் என்ன சொல்கிறார்? யாழையும் ஆகுளி, பதலை என்ற பறைகளையும் மூட்டைகட்டிக்கொண்டு போவோமா என்று விறலியைக் கேட்கிறார். பல்லியம் ஊர்விட்டு ஊர் போகும் காட்சி! மலைபடுகடாத்தில் அந்த மூட்டைக்கே பெயர் இருக்கிறது: கலப்பை. உழுகிற கலப்பை அல்ல, கலங்களை இட்ட பை.

எளியதமிழ் எழுதியது:

'பல்லியம்' என்று அட்டையில் போட்டால் பத்துக்கு எட்டுப் பேர் பல்லி பற்றிய புத்தகம் என்றுதான் எடுப்பார்கள். ஆர்கெஸ்ட்ரா என்றே விடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

கீழ்வில் எழுதியது:

எளியதமிழ் அவர்களே, எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் இங்கே தொல்லையே. தமிழில் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், திரைப்பாட்டு. அந்தப் பொருள் வேரூன்றிவிட்டது. கையேடு சொல்வது வேறு பொருளை. அதன் அளவைச் சொல்கிறேன், சொல்லைப் பிறகு பாருங்கள்.

பெரிய சிம்பொனிக்கு வழக்கமான வில்வாத்தியக் கணக்கு 16, 14, 12, 10, 8. அதாவது முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8. இதுவே 60 பேர். இதன்மேல் மரக்குழல்களும் பித்தளைக் குழல்களும் தாளக் கருவிகளும். வில்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே ஏட்டுத்தாங்கியைப் பகிர்ந்து உட்காருவார்கள். பார்வையாளர் பக்கம் இருப்பவர் நிற்காமல் வாசிப்பார், உள்பக்கம் இருப்பவர்தான் பக்கம் திருப்புவார். ஒரே வரிசைக்கு இரண்டு சுரம் எழுதியிருந்தால் வெளியிலிருப்பவருக்கு மேல்சுரம், உள்ளிருப்பவருக்குக் கீழ்ச்சுரம்.

திவானின் கருத்தே இந்தத் தாங்கியில்தான் இருக்கிறது. 1999இல் ஜெர்மனியின் வைமாரில் கண்டக்டர் டேனியல் பாரன்பாயிமும் அறிஞர் எட்வர்ட் சையிதும் இதைத் தொடங்கியபோது இஸ்ரேலியரும் அரபியரும் ஒரே தாங்கியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பக்கம் திருப்பாவிட்டால் மற்றவர் வாசிக்கமுடியாது. வில்லை இருவரும் ஒரே திசையில், ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் இழுக்கவேண்டும். மாறினால் முதலில் கண்ணுக்குத் தெரியும், பிறகு காதுக்கு. மூன்று பேர் மெல்லிசைக்குழுவில் இந்த ஏற்பாடு இல்லை. ஆகவே தனிச்சொல் வேண்டும் என்பது என் கட்சி. அது பல்லியமா என்று நான் சொல்லமாட்டேன்.

வேர்தேடி எழுதியது:

ஆர்கெஸ்ட்ரா என்பதே தமிழ்தான். ஆர்ப்பு + கெச்சை. ஆர்ப்பு ஒலி, கெச்சை காற்சதங்கை. சதங்கை ஆர்க்கும் இடம் ஆர்கெச்சை. கிரேக்கத்தில் இது ஆடுகளத்தைக் குறித்தது என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு சந்தேகம் எதற்கு?

குற்றியலுகரம் எழுதியது:

வேர்தேடி ஐயா, கிரேக்கத்தில் ஆடுகளம் என்பது உண்மை. நாடக மேடைக்கு முன்னால் பாடகர் அணி ஆடிய இடம் அது. 'ஆடு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து நேராக வருகிறது. இடத்தின் பெயர் பின்னாளில் அங்கே உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இது இடவாகுபெயர். அவ்வளவுதான். சதங்கையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இந்தக் குறிப்பில் ஒரு வழி இருக்கிறது: அவர்கள் இடத்துக்குப் பெயர் வைத்தார்கள், நாம் கருவிக்கு வைக்கிறோம். பல்லியம் எனக்குச் சம்மதம். கண்டக்டருக்கு 'நடத்துநர்' போதும். ஆனால் நடத்து என்ற ஏவலின் மேல் நர் வருகிறது. அனுப்புநர், பெறுநர் போல. 'நடத்துனர்' பிழை. குழுவினர், ஊரினர் என்பவற்றில் வரும் னர் வேறு. அங்கே இன் சாரியை. தயவுசெய்து அச்சில் கலக்காதீர்கள்.

எளியதமிழ் எழுதியது:

ந சரியா ன சரியா என்பது இருக்கட்டும். 'நடத்துநர் மேடையேறினார்' என்று படித்ததும் டிக்கெட் கிழிக்கத்தான் ஏறினார் என்று தோன்றுகிறதே, அதற்கு என்ன செய்ய?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இயவுள் என்று வையுங்கள். இயம் வாசிப்பவர் இயவர். அவர்களுக்குத் தலைவர் இயவுள். இயவு என்றால் வழி, வழிகாட்டுபவர் என்ற பொருளும் கிடைக்கிறது.

குற்றியலுகரம் எழுதியது:

திருமுருகாற்றுப்படை 'பெரும்பெயர் இயவுள்' என்று முருகனைச் சொல்கிறது. மனிதர் ஒருவரை அப்படி அழைத்தால் ஏற்கெனவே தலைக்கனம் உள்ள தொழில் இன்னும் கெட்டுவிடும்.

கீழ்வில் எழுதியது:

'கோலோன்' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் கோல் இருப்பது உண்மை. ஆனால் அது பொதுவாகிப்போனது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் பிரான்சில் இசையமைப்பாளர் லுல்லி கனத்த தடியால் தரையில் தட்டித் தாளம் காட்டினார். ஒருநாள் தன் கால்விரலிலேயே இடித்துக்கொண்டு, புண் அழுகி 1687இல் இறந்தார். கோல் இல்லாமல் வெறுங்கையால் நடத்துபவர்கள் இன்றும் உண்டு. பொருளைப் பெயராக்கினால் நாளை அது இல்லாதபோது சொல் தொங்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது சிலப்பதிகாரம் அரங்கேற்று காதை. 'இயல்பினின் வழாஅ இருக்கை முறைமையின் குயிலுவ மாக்கள் நெறிப்பட நிற்ப'. இருக்கை முறைமை! வாசிப்பவர்கள் உட்காரும் வரிசைக்கு இதைவிடத் துல்லியமான தொடர் கிடையாது. தொடர்ந்து, 'குழல்வழி நின்றது யாழே, யாழ்வழித் தண்ணுமை நின்றது தகவே'. நிகழ்ச்சி தொடங்கும்முன் மேடையில் நடப்பதைப் பாருங்கள். முதல் வயலின் தலைவர் எழுந்து நிற்பார், தலையசைப்பார். ஓபோ ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அந்தக் குழலின் வழியில் மற்றவர்கள் நிற்பார்கள். ஓபோவுக்கு இந்த வேலை வந்ததற்குக் காரணம் அதன் இரட்டைச் சீவாளி ஒலி கூர்மையானது, எந்தக் கூச்சலிலும் காதில் தைக்கும்; சுருதியும் எளிதில் அசையாது.

நாடு கடந்து சேரும் குழுவில் முதல் கோளாறும் இங்கேதான் வரும். ஓபோ பிடிக்கும் அந்த ஒரு சுரத்துக்கு உலகத் தரம் 440 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் பல குழுக்கள் 442, 443 என்று பிடிக்கின்றன. வயலின்காரர் பிரடையைத் திருகிச் சரிசெய்துகொள்வார். குழல்காரர் ஊதுமுனையைத் தள்ளியும் இழுத்தும் ஓரளவுதான் சமாளிப்பார். உலோகத் தகடுகளால் ஆன குளோக்கன்ஷ்பீலுக்கு அசைவே கிடையாது. ஆகவே முதல் ஒத்திகைக்கு முன்பே எண்ணைச் சொல்லி அனுப்பிவிடவேண்டும்.

நெய்தல் எழுதியது:

அருமை, ஆனால் இன்று புதன். மூன்றாவது சொல்? 'முதல் வயலின்' என்றால் 16 பேர் கொண்ட வரிசையா, அதன் தலைவரா என்று தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அதே காதையில் 'தண்ணுமை அருந்தொழில் முதல்வன்' வருகிறது. வயலின் முதல்வர்.

எளியதமிழ் எழுதியது:

முதல்வர் எழுந்து நின்றதும் ஓபோ வாசித்தது. கொடியேற்றம் எப்போது?

கீழ்வில் எழுதியது:

'வயலின் தலைவர்' போதும். அவர் செய்வதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்: எந்தச் சுரத்துக்கு மேல்வில், எந்தச் சுரத்துக்குக் கீழ்வில் என்று அவர் தன் ஏட்டில் பென்சிலால் குறிப்பார், மற்ற வில்வரிசைகளின் தலைவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் ஏடுகளில் குறித்துக்கொள்வார்கள். வாசகருக்குப் பெயரைவிட அந்த வேலை பிடிபடவேண்டும்.

குற்றியலுகரம் எழுதியது:

எல்லோரும் நான்காவதைத் தவிர்க்கிறீர்கள். அதுதான் அட்டையில் வருகிறது.

'அமைதிப் பல்லியம்' என்றால் சத்தம் போடாத பல்லியம். தமிழில் அமைதி என்றால் போரின்மையும் ஓசையின்மையும் ஒன்றே. இசைக்கருவிக் கூட்டத்துக்கு இதைவிடக் கேலியான அடைமொழி கிடைக்காது.

அடுத்தது, கண்டக்டர் ஜார்ஜ் ஷோல்டி ஐக்கிய நாடுகள் அவையின் 50ஆம் ஆண்டுக்காக 1995இல் ஜெனீவாவில் கூட்டிய ஆர்கெஸ்ட்ரா. அதை 'உலக அமைதிப் பல்லியம்' என்று எழுதினால் உலக அமைதிக்கான பல்லியமா, அமைதிக்கான உலகப் பல்லியமா? ஆங்கிலப் பெயரின் பொருள் இரண்டாவது. நான்காம் வேற்றுமையை விரித்து 'அமைதிக்கான உலகப் பல்லியம்' என்று எழுதினால் இரண்டு ஐயமும் தீரும். தொகை அழகு, ஆனால் இங்கே தொகை பொய் சொல்கிறது.

கீழ்வில் எழுதியது:

அது ஷோல்டியின் குழுவுக்குச் சரி. திவானின் அட்டையில் 'அமைதி' வரவே கூடாது. பாரன்பாயிம் பலமுறை மறுத்திருக்கிறார்: இது அமைதித் திட்டம் அல்ல, அறியாமைக்கு எதிரான திட்டம் என்று. 2005 ஆகஸ்ட்டில் பாலஸ்தீன நகரமான ராமல்லாவில் வாசிக்க ஸ்பெயின் அரசு இசைஞர்களுக்குத் தூதரகக் கடவுச்சீட்டு கொடுக்கவேண்டியிருந்தது. அத்தனை பாடுபட்டு ஒரு மாலை பேதோவனின் ஐந்தாம் சிம்பொனியை வாசிக்க முடிந்தது. அதை 'அமைதி' என்று எழுதினால் வாசித்தவர்களுக்கே கோபம் வரும்.

ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையிலேயே சான்று உண்டு. 1989 டிசம்பர் 25, பெர்லின், சுவர் விழுந்த மறுமாதம். பேதோவனின் ஒன்பதாம் சிம்பொனியை பெர்ன்ஸ்டைன் நடத்தினார். இரு ஜெர்மனிகள், சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகியவற்றின் இசைஞர்கள். அதன் முடிவில் பாடப்படும் ஷில்லரின் பாட்டில் 'மகிழ்ச்சி' வருமிடத்தில் 'விடுதலை' என்று பாடவைத்தார். ஜெர்மனில் மகிழ்ச்சி 'ஃப்ராய்' என்றும் விடுதலை 'ஃப்ரை' என்றும் தொடங்கும், அண்டை வீட்டு ஒலிகள். பொருந்திவிட்டது. நமக்கு அந்த வசதி இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அப்படியானால் இணக்கம்? வேனிற்காதையில் 'இணை கிளை பகை நட்பு' என்று நரம்புகளின் உறவைச் சொல்கிறார் இளங்கோ. சுரங்களுக்கே பகையும் நட்பும் உண்டு! உரைமரபில் நின்ற நரம்புக்கு மூன்றும் ஆறும் பகை. ஐரோப்பிய இசையிலோ மூன்றாம் சுரம் இல்லாமல் முக்கூட்டு ஒலியே நிற்காது. நம் பகை அவர்களுக்கு உறவு. 'நட்புப் பல்லியம்' என்று வைத்தால் இசையும் அரசியலும் ஒரே சொல்லில்...

குற்றியலுகரம் எழுதியது:

நட்பு என்பது நாலாம் நரம்பு. தலைப்பு 'நான்காம் சுரப் பல்லியம்' என்று ஆகும். மேலும் மூன்றையும் ஆறையும் எப்படி எண்ணுவது என்பதில் இசைத்தமிழ் ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

நெய்தல் எழுதியது:

நன்றி. இப்படிப் போகிறது: உள்ளே எல்லா இடத்திலும் பல்லியம், முதல் வருகையில் மட்டும் 'பல்லியம் எனும் ஆர்கெஸ்ட்ரா'. இசை நடத்துநர். வயலின் தலைவர். ஷோல்டியினது அமைதிக்கான உலகப் பல்லியம். அட்டையில் 'ஒரே தாங்கியில் இருவர்' என்று தலைப்பு, அமைதி இல்லை. பல்லியத்துக்கு என்னையும் சேர்த்து ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று, கீழ்வில் எந்தப் பக்கமும் இல்லை, வேர்தேடி ஐயா ஆர்கெச்சைக்கு.

எளியதமிழ் எழுதியது:

எதிர்ப்பைக் குறித்துக்கொண்டதற்கு நன்றி. பல்லிதான் என்பதில் மாற்றமில்லை.

குற்றியலுகரம் எழுதியது:

மெய்ப்பு பார்த்தேன். 17ஆம் பக்கம், இரண்டாம் பத்தி: 'நடத்துனர்'.