மேக், லெட், ஹெல்ப்: பின்னால் 'டு' வருமா?

பாம்பன்காரன்:
ராமேஸ்வரத்தில் வேன் ஓட்டுகிறேன், தனுஷ்கோடி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேச்சு. 'ஐ வில் ஹெல்ப் யூ டு கேரி' என்பதா, 'ஹெல்ப் யூ கேரி' என்பதா? 'லெட்' வந்தால் இன்னும் குழப்பம்.

கீழக்கரை டீச்சர்:
ஹெல்ப்புக்கு ரெண்டும் சரிதான் தம்பி, அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'டு'வை விட்டுவிடுவார்கள். லெட், மேக் இரண்டுக்கும் பின்னால் அது கூடவே கூடாது: 'லெட் மீ பார்க் ஹியர்', 'தி ரெய்ன் மேட் அஸ் வெயிட்'. வான்ட், ஆஸ்க் என்றால் கட்டாயம் வேண்டும்.

மண்டபம் மணி:
டீச்சர் ஒன்றை விட்டுவிட்டார்கள். மேக் செயப்பாட்டு வினையானால் 'டு' திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்: 'வி வேர் மேட் டு வெயிட்'. லெட்டை அப்படித் திருப்பிக் கஷ்டப்படாமல் 'வி வேர் அலவ்டு டு கோ' என்று சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் மார்க் போடப்போவதில்லை.

பாம்பன்காரன்:
சரி, அப்போ 'ஐ சா ஹிம் டு ஜம்ப்'?

கீழக்கரை டீச்சர்:
தப்பு. சீ, ஹியர் இரண்டும் மேக் கட்சி. புதுப் பாம்பன் பாலம் மேலே ஏறுவதை முழுசாகப் பார்த்தால் 'ஐ சா தி பிரிட்ஜ் கோ அப்', பாதியில் கண்ணில் பட்டால் 'கோயிங் அப்'.